தொட்டில் தாங்கும் எடை

பிப்ரவரி 3

மாப்பிள்ளைக்கு,

கடந்த திங்கட்கிழமை மதியம் முதல் பர்கரின் மேல் ரொட்டியை நான் கைவிட்டிருக்கிறேன். வெகுநாள் யோசனைக்குப் பிறகு, எவருடைய வற்புறுத்தலும் இல்லாமல், முழு நினைவோடு எடுத்த முடிவு இது. கீழ் ரொட்டி தொடரும். நடுவில் இருக்கும் இறைச்சி தொடரும். வெங்காயத்தைப் பற்றி எந்தத் தகராறும் இல்லை. மேல் ரொட்டி மட்டும் இனி என் வாழ்க்கையில் இல்லை.

இது உனக்கு நேரடியாகத் தெரிய வேண்டும், ஏனென்றால் நான் இந்த ஊருக்கு வந்ததற்கே காரணம் நீ. உன்னோடு இனி ஒரு வார்த்தை பேசமாட்டேன் என்று கிளம்பும்போது வாசலில் நின்று சொன்னேன். அதில் மாற்றமில்லை. எழுதமாட்டேன் என்று சொன்னதாக நினைவில்லை. உன் அக்காவை போனில் கேட்டேன். "அப்படி ஒண்ணும் சொல்லல. கத்தினதோட சரி" என்றாள். ஆகவே இந்தக் கடிதம் விதிகளுக்கு உட்பட்டது.

இரண்டு வளர்ந்த ஆண்கள், வாளியும் வைப்பருமாக, கம்பிக் கயிற்றில் தொங்கிக்கொண்டு கட்டடத்துக்கு வெளியே கண்ணாடி துடைக்கும் இரும்பு மேடைக்குத் தொட்டில் என்று யார் பெயர் வைத்தார்களோ தெரியாது. அதில் நாம் பல வருடம் ஒருவரை ஒருவர் இடிக்காமல் நின்றோம். போன வருடம் அது இருபதாவது மாடியில் நின்றுபோய், பாரம் அதிகம் என்று மணி அடித்தது. உள்ளே கூட்டம் நடத்திக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் எழுந்து வந்து நம்மை மீன்தொட்டி பார்ப்பதுபோல் பார்த்தார்கள். விசாரணையில் நான் தண்ணீர் வாளிகள் மீது நியாயமான ஒரு சந்தேகத்தை எழுப்பினேன். சூப்பர்வைசர் உன் பக்கம் திரும்பினார். நீ சொன்னாய்: "தண்ணி கம்மிதான் சார். மாமாதான் அதிகம்."

அந்த வாக்கியத்தில் பொய் இல்லை. அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

இங்கே எனக்குத் தரை வேலை. ஒரு பர்கர் கம்பெனிக்கு இந்த ஊரில் இருக்கும் கடைகளின் கண்ணாடி முழுவதும் என் பொறுப்பு. ஒப்பந்தப்படி மதியச் சாப்பாடு கடையிலேயே. அறை ஒரு லாண்டரிக்கு மேலே. அடுப்பு வைக்க அனுமதி இல்லை. இரவில் பழமும் பாலும். ஆக, நான் உண்பது என்று சொல்லத்தக்கது பர்கர் ஒன்றுதான். என்னைக் குண்டன் என்று சொல்லி இடம் மாற்றியவர்கள், என்னைக் கொண்டுவந்து போட்ட இடம் இது.

மாற்றல் உத்தரவின் கடைசிப் பத்தி உனக்கும் தெரியும். ஜூன் மாதம் வருடாந்திர எடை பார்க்கும்போது நாம் இருவரும் சேர்ந்து நூற்றறுபது கிலோவுக்குள் இருந்தால் நான் தொட்டிலுக்கும் வீட்டுக்கும் திரும்பலாம். இல்லையென்றால் இங்கேயே. நான் நூற்றிரண்டு. நீ அறுபத்து நாலு. அதிகமாக இருக்கும் ஆறு கிலோவும் என்னிடம்தான் இருக்கிறது என்று எல்லோரும் ஒருமனதாகத் தீர்மானித்துவிட்டார்கள்.

இப்படிக்கு,
உன் அக்காவின் கணவன்


பிப்ரவரி 12

மாமாவுக்கு,

உங்கள் கடிதத்தை அக்காதான் முதலில் பிரித்தாள். எனக்கு வந்ததாயிற்றே என்றேன். "எழுதினது என் புருஷன். எனக்கு அப்புறம்தான் நீ" என்றாள். மேல் ரொட்டி வரை வந்தபோது அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்து சிரித்தாள். சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டவள், அப்புறம் கொஞ்ச நேரம் அடுப்பைப் பற்றவைக்கவே இல்லை. உங்கள் வாண்டு, "அப்பா கீழ் ரொட்டிய மட்டும் எப்படிப் பிடிச்சுப்பாரு? கை ஒட்டாதா?" என்று கேட்டது. எனக்கும் அது தெரிய வேண்டும்.

அந்தக் கம்பெனியின் கலோரிப் பட்டியலைத் தேடிப் படித்தேன். மேல் ரொட்டி ஏறக்குறைய நூறு கலோரி. நீங்கள் அதோடு குடிக்கும் பெரிய கோலா முந்நூறு. பெரிய உருளைக்கிழங்கு வறுவல் ஐந்நூறைத் தொடுகிறது. மயோனைஸ் தனிக் கதை. வீட்டுக்குக் கதவை மட்டும் இழுத்துப் பூட்டிவிட்டு, சுவரே இல்லாத பக்கம் காலை நீட்டித் தூங்குகிறீர்கள்.

விசாரணையைப் பற்றி ஒரு தடவை எழுதிவிடுகிறேன். அன்று நான் வாளி என்று சொல்லியிருந்தால் வாளியை மாற்றியிருப்பார்கள். மறுபடி ஏறியிருப்போம். மணி மறுபடி அடித்திருக்கும், அல்லது அடிக்காமல் இருந்திருக்கும். அடிக்காமல் இருந்திருந்தால் என்ன ஆகும் என்பதுதான் என் பயம். அக்காவிடம் இதைச் சொல்லவில்லை.

உங்கள் இடத்தில் இப்போது பாட்டுக்காரர் வருகிறார். ஆள் நல்லவர். காலையிலிருந்து ஒரே பாட்டை முணுமுணுக்கிறார். வரிகள் தெரியாததால் எல்லாம் "லாலா". வழக்கம்போல நான் கண்ணாடியின் மேல் பாதி, அவர் கீழ் பாதி. இரண்டு பேர் கையும் சேரும் இடத்தில் நடுவே ஒரு கோடு விழுகிறது. துடைத்தால் போகிறது, அடுத்த கண்ணாடியில் வந்துவிடுகிறது. நம் கண்ணாடிகளில் அந்தக் கோடு விழுந்ததில்லை. ஏன் என்று யோசித்துப் பார்த்தேன். தெரியவில்லை.

மைத்துனன்


பிப்ரவரி 24

மாப்பிள்ளைக்கு,

கோலா, வறுவல் ஆகிய இருவர்மீதும் நீ சுமத்திய குற்றச்சாட்டுகளைக் கடையின் சுவர்ப் பலகையில் சரிபார்த்தேன். அந்தப் பலகையின் கண்ணாடியைத் தினமும் துடைப்பவன் நான். ஒரு நாளும் படித்ததில்லை. குற்றம் நிரூபணமாகிறது.

கவுன்டரில் இருக்கும் பெண்ணிடம் போனேன். முகத்தைப் பார்க்காமல் மெஷினைப் பார்த்தே பேசும் பிள்ளை அது.

"கோலாவுக்குப் பதில் தண்ணி குடும்மா."

"எடுத்துட்டேன். அடுத்து?"

"வறுவல் சின்னது. மயோனைஸ் வேணாம். சீஸ் வேணாம்."

"எடுத்துட்டேன், எடுத்துட்டேன். அடுத்து?"

"மேல் ரொட்டி வேணாம்."

அப்போதுதான் நிமிர்ந்தாள். "அதுக்கு இதுல பட்டன் இல்ல சார். எல்லாத்தையும் எடுத்துட்டா அதுக்குப் பேரு பர்கர் இல்ல, டிஷ்யூ பேப்பர்."

பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. ஒரு மனிதன் தன் வாழ்க்கையிலிருந்து ஒன்றை விலக்க முடிவெடுத்தாலும் அதற்கென்று ஒரு பட்டன் இருந்தால்தான் நடக்கும் என்பதை அன்று தெரிந்துகொண்டேன்.

ஆக, மேல் ரொட்டி வருகிறது. நான் கையால் எடுக்கிறேன். வாண்டின் கேள்விக்குப் பதில்: கை ஒட்டத்தான் செய்கிறது. முள்கரண்டி கேட்டிருக்கிறேன்.

எடுத்த ரொட்டியைக் குப்பையில் போட மனம் வரவில்லை. கடையின் பின்பக்கச் சுவர்மேல் வைத்தேன். ஒரு புறா வந்தது. அது தன் சொந்தபந்தங்களுக்குச் சொல்லியிருக்க வேண்டும். இப்போது நான் வருவதற்கு முன்பே வந்து வரிசையாக உட்கார்ந்துவிடுகிறார்கள். விருந்து முடிந்ததும், காலையில் நான் துடைத்த கண்ணாடிமீது தங்கள் அபிப்பிராயத்தைத் தெரிவித்துவிட்டுப் போகிறார்கள். கடை மேனேஜர் நேற்று என்னைத் தனியே கூப்பிட்டு, "நீங்க கண்ணாடி துடைக்க வந்தீங்களா, புறா வளக்க வந்தீங்களா?" என்று கேட்டார். இப்போது மதியத்துக்கு மேல் இன்னொரு தடவை துடைக்கிறேன். அதில் கொஞ்சம் கலோரி செலவாகிறது என்று எடுத்துக்கொண்டேன்.

எடை நூற்றொன்று. புறாக்களின் எடையைப் பற்றித் தகவல் இல்லை.

மணி அடிக்காமல் இருப்பது பற்றி நீ எழுதியதைப் படித்தேன். அதற்குப் பதில் எழுத நான் இன்னும் தயாராகவில்லை.

இப்படிக்கு,
உன் அக்காவின் கணவன்


மார்ச் 10

மாமாவுக்கு,

உங்களுக்கு ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறேன். கோபப்படாமல் கடைசிவரை படியுங்கள்.

அந்தக் கடையில் குழந்தைகளுக்கு ஒரு பெட்டி இருக்கிறது. சின்ன பர்கர், கைப்பிடி வறுவல், ஒரு பொம்மை. கோலாவுக்குப் பதில் தண்ணீர் வாங்கினால் மொத்தம் நானூற்றைம்பது கலோரிக்குள். நீங்கள் பெரிய பர்கரிலிருந்து ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் போட்டு எந்த இடத்துக்கு வர முயல்கிறீர்களோ, அந்த இடத்திலிருந்துதான் குழந்தைகள் தொடங்குகிறார்கள். மேல் ரொட்டியைக்கூட விட வேண்டாம் என்று நினைக்கிறேன். உங்கள் முடிவை மாற்றச் சொல்ல எனக்குத் தகுதி இல்லை.

வெட்கப்படாதீர்கள். அந்த ஊரில் உங்களை யாருக்குத் தெரியும்?

இங்கே எல்லோரும் சுகம். அக்கா உங்கள் தட்டை இன்னும் அலமாரியின் கீழ்த்தட்டில்தான் வைத்திருக்கிறாள். தினமும் தட்டு எடுக்கும்போது மூன்றை எடுத்து ஒன்றைத் திரும்ப வைக்கிறாள். எனக்கு என் வீட்டில் தனியாக உலை வைப்பது அலுப்பாக இருப்பதால் அவளிடம்தான் சாப்பிட்டுவந்தேன். இப்போது இரவில் அவ்வளவாகப் பசிப்பதில்லை. போகவும் இல்லை. வயதாகிறது.

பெல்ட்டில் புதிதாக ஒரு துளை போட்டேன். தோல் பழசாகிச் சுருங்கிவிட்டது.

மைத்துனன்


ஏப்ரல் 2

மாப்பிள்ளை,

குழந்தைப் பெட்டிக்கு மாறி மூன்று வாரம் ஆகிறது. இதை எழுதுவதற்கு இத்தனை நாள் எடுத்துக்கொண்டதற்குக் காரணம் வெட்கம் என்று நீ நினைக்கலாம். சரியாகத்தான் நினைக்கிறாய்.

முதல் நாள் அந்தப் பெண், "குழந்தை எங்க சார்?" என்று கேட்டாள்.

"வெளியூர்ல."

"அப்ப பார்சலா?"

"இல்ல. இங்கயே சாப்பிடறேன்."

அவள் மெஷினைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தாள். "பொண்ணா, பையனா? பொம்மை வேற வேற."

"பொண்ணு."

பெட்டியின் மேல் ஒரு கரடி கையாட்டிக்கொண்டிருக்கிறது. நான் மூலையில் இருக்கும் நாற்காலியில், சுவரைப் பார்த்து உட்கார்ந்து சாப்பிடுகிறேன். மேல் ரொட்டியை இங்கேயும் எடுத்துவிடுகிறேன். அளவில் சிறியது என்பதற்காகக் கொள்கையைத் தளர்த்த முடியாது. புறாக்களுக்கு வரும்படி குறைந்துவிட்டது. சுவரிலிருந்து என்னை அவர்கள் பார்க்கும் பார்வை சரியில்லை.

தொட்டிலில் தொங்கும்போது நாம் எத்தனையோ அறைகளை வெளியிலிருந்து பார்த்திருக்கிறோம். சண்டை போடுபவர்கள், தூங்குபவர்கள், மேசைக்கடியில் செருப்பைத் தேடுபவர்கள். யார் முகமும் நினைவில் நின்றதில்லை. அடுத்த மாடிக்கு இறங்கிவிடுவோம். இங்கே தரையில் அப்படி இறங்கிப்போக முடியவில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு அப்பா தன் பெண்ணின் வாயிலிருந்து சாஸைத் துடைக்கிறார். இந்தப் பக்கம் நான் கண்ணாடியைத் துடைக்கிறேன். நான் முடித்த பிறகும் அவர் முடிக்கவில்லை.

பொம்மைகளைச் சேர்த்து அனுப்பியிருக்கிறேன். ஒட்டகச்சிவிங்கிக்குக் கழுத்து ஆடும். நீல யானை இரண்டு வந்துவிட்டது.

எடை தொண்ணூற்றொன்பது. எழுத்தில் எழுதியிருக்கிறேன், எண்ணில் எழுதினால் யாராவது திருத்திவிடுவார்கள்.

வயதாகிறது என்று எழுதியிருந்தாய். என்னைவிடப் பதினொரு வயது சின்னவன் நீ. பெல்ட் தோல் சுருங்கினால் துளை வெளிப்பக்கம் போட வேண்டும், உள்பக்கம் அல்ல. எந்தப் பக்கம் போட்டாய் என்று எழுது.

உன் அக்கா புருஷன்


ஏப்ரல் 25

மாமா,

பொம்மைகள் வந்தன. வாண்டு வரிசையாக ஜன்னலில் நிறுத்திப் பார்த்துவிட்டு, "பச்சை முதலை இல்ல. அப்பாவை இன்னும் நாலு சாப்பிடச் சொல்லு" என்றது. நீங்கள் எதற்காக அந்தப் பெட்டியைத் தின்கிறீர்கள் என்று அதற்குத் தெரியாது. முதலைக்காக என்றே நினைத்துக்கொண்டிருக்கட்டும்.

இங்கே வெயில் அதிகம். போன வியாழக்கிழமை கொஞ்ச நேரம் தொட்டிலில் உட்கார்ந்துதான் வேலை செய்தேன். பாட்டுக்காரர் பாட்டை நிறுத்திவிட்டார். அவர் நிறுத்தியதும்தான் அவர் பாடிக்கொண்டிருந்ததே எனக்குத் தெரிந்தது. காற்றும் இருந்தது. இதையெல்லாம் அக்காவிடம் போனில் கேட்டுக் குழப்பாதீர்கள்.

ஒரு நல்ல செய்தி. கணக்குப் போட்டுப் பார்த்தேன். நீங்கள் ஞாயிற்றுக்கிழமை ஒரு முழு பர்கர் சாப்பிடலாம். சீஸ், மயோனைஸ், வறுவல் எல்லாவற்றோடும். வாரத்தில் ஒரு நாள் தாராளமாக இடம் இருக்கிறது. எல்லாவற்றையும் விட்டுவிட்டால் மனிதன் ஒரு நாள் வெறிபிடித்து மொத்தமாகத் தின்றுவிடுவான் என்று ஒரு பத்திரிகையில் போட்டிருந்தான். நீங்கள் சாப்பிட வேண்டும்.

பெல்ட் துளை எந்தப் பக்கம் என்பது இப்போது முக்கியமில்லை.

மைத்துனன்


மே 9

மாப்பிள்ளை,

ஞாயிற்றுக்கிழமை நீ சொன்னபடி செய்தேன். சட்டையை லாண்டரியில் இஸ்திரி போட்டு வாங்கி உடுத்திக்கொண்டு, வாடிக்கையாளர் நுழையும் வாசல் வழியாக, கையில் வாளி இல்லாமல் கடைக்குள் போனேன். பெரிய பர்கர். சீஸோடு, எல்லாவற்றோடும். அந்தப் பெண், "இன்னிக்கு என்ன விசேஷம் சார்?" என்றாள். "கணக்குல இடம் இருக்காம்" என்றேன். "குடுத்து வச்சவரு" என்றாள்.

பெட்டியைத் திறந்ததும் என் கை தானாகப் போய் மேல் ரொட்டியைத் தூக்கித் தனியே வைத்துவிட்டது. பழகிவிட்டது. மீதியைச் சாப்பிட்டேன். முதல் வாய்க்குக் கண் மூடிக்கொண்டது. மூன்றாவது வாயில்தான் உன் கணக்கு உறைத்தது.

நான் தொண்ணூற்றெட்டு. நீ அறுபத்து நாலு. நூற்று அறுபத்திரண்டு. இன்னும் இரண்டு கிலோ அதிகமாக இருக்கிறது. தாராளமாக இடம் எங்கேயிருந்து வந்தது?

சாயங்காலம் உன் அக்காவுக்கு போன் செய்தேன். நீ கேட்காதே என்று எழுதியதால்தான் கேட்டேன். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "இங்க வந்தா கடையில சாப்ட்டேங்கறான். கடையில கேட்டா வீட்ல சாப்ட்டாராம்ங்கறாங்க. பேன்ட்டைக் கயிறு போட்டுக் கட்டியிருக்கான். உங்களைக் குறைக்கச் சொன்னா அவன் கரைஞ்சிட்டிருக்கான். ரெண்டு பேரும் சேர்ந்து என்னங்க பண்றீங்க?"

நாம் இருவரும் சேர்ந்து எதையும் செய்து பல மாதம் ஆகிறது.

விசாரணையில் நீ சொன்னது சரி. இதோடு அதை விட்டுவிடலாம். நீ சாப்பிட வேண்டும். மூன்று வேளை, உட்கார்ந்து, உன் அக்கா முன்னால். நான் குறைப்பேன். அந்த இரண்டு கிலோ என்னுடையது, அதைத் தொட உனக்கு உரிமை இல்லை. கரடிப் பெட்டியிலும் பாதியை வைத்துவிடுகிறேன்.

நேற்று உன்னை போனில் கூப்பிட்டேன். வாசலில் நான் சொன்னது எனக்கு நினைவிருக்கிறது. இருந்தும் கூப்பிட்டேன். மணி போய்க்கொண்டே இருந்தது.

மாமா


மே 21

மாமா,

நீங்கள் கூப்பிட்டது தெரியும். போனைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். சொன்ன சொல் தவறியவர் என்று நாளைக்கு உங்கள் பெண்ணே உங்களைச் சொல்லிக்காட்டும். அதற்கு நான் உடந்தையாக இருக்க முடியாது. தவிர, என் குரல் கொஞ்சம் கம்மியிருக்கிறது.

இடம் எங்கிருந்து வந்தது என்று கேட்டிருக்கிறீர்கள். உத்தரவை எடுத்து மறுபடி படியுங்கள். இருவரும் சேர்ந்து நூற்றறுபது என்றுதான் போட்டிருக்கிறான். யார் குறைக்க வேண்டும் என்று போடவில்லை. ஆறு கிலோவும் உங்கள் சொத்து என்று நீங்களாக எடுத்துக்கொண்டீர்கள். கேட்டால் கோபம் வரும் என்று கேட்காமலே நானும் கொஞ்சம் எடுத்துக்கொண்டேன். பாதிக் கண்ணாடி எப்போதும் என்னுடையதுதானே மாமா.

நீங்கள் பர்கர் தின்றுகொண்டு இறக்குகிறீர்கள். நான் வீட்டுச் சாப்பாட்டைத் தவிர்த்து இறக்குகிறேன். எது கஷ்டம் என்று பேச வேண்டாம். அக்கா வைக்கும் குழம்பின் வாசனை வரும் தெருவில் நின்று, சாப்பிட்டுவிட்டேன் என்று சொல்வது பற்றி ஒரு நாள் விரிவாக எழுதுகிறேன்.

இன்னும் மூன்று வாரம்தான். எடை பார்த்த அன்று மாலையே அவள் முன்னால் உட்கார்ந்து சாப்பிடுவேன். நீங்கள் பாதிப் பெட்டியை வைக்க வேண்டாம், முழுவதையும் சாப்பிடுங்கள். முதலை எப்படியும் வர வேண்டும்.

மாப்பிள்ளை


ஜூன் 12

மாப்பிள்ளை,

இங்கே மனிதரை நிறுக்கும் எந்திரம் இல்லாததால் சோப்புத் தூள் மூட்டை நிறுக்கும் தராசில் என்னை ஏற்றினார்கள். தொண்ணூற்றேழு. அலுவலகத்துக் குமாஸ்தா அங்கே போன் செய்து உன் எடையைக் கேட்டு, கூட்டிப் பார்த்து, "உங்க ஆளு ஐம்பத்தஞ்சு. மொத்தம் நூத்தம்பத்திரெண்டு. பாஸ் சார்" என்றார்.

"ஐம்பத்தஞ்சா? தராசை இன்னொரு தடவை பாருங்க."

"அது அங்க இருக்கற தராசு சார். இங்க பாத்து என்ன பண்றது?"

ஜூலை முதல் தேதி தொட்டிலில் சேரும்படி உத்தரவு கையில் கொடுத்தார். குமாஸ்தா கைகுலுக்கினார். எட்டு கிலோ மிச்சம் பிடித்திருக்கிறோம் என்றார். தேர்வில் அதிக மதிப்பெண் வாங்கியவனைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

அந்த எட்டும் உன்னுடையது. நான் வந்ததும் ஒவ்வொரு கிலோவாக உனக்குள் திரும்பப் போட்டுவிட்டுத்தான் மறுவேலை. உன் அக்காவிடம் சொல்லிவிட்டேன். பச்சை முதலையும் கிடைத்துவிட்டது. நான் போகப்போவதாகச் சொன்னதும் கவுன்டர் பெண் டிராயரைக் கிளறித் தேடி எடுத்துக் கொடுத்தாள்.

வாசலில் நான் சொன்ன சொல்லை அதே வாசலில் நின்று முடித்துக்கொள்ளலாம். போன் வேண்டாம். நேரில் பேசுகிறேன். என்ன பேசுவது என்று யோசித்து வைத்திருக்கிறேன். முதல் வாக்கியம் மட்டும் சரியாக வரவில்லை.

மாமா


ஜூன் 20

மாமாவுக்கு,

எடை பார்க்கும் அறைக்குப் பக்கத்து அறையில் இந்த வருடம் புதிதாக ஒரு டாக்டரை உட்காரவைத்திருந்தார்கள். உயரத்தில் வேலை செய்பவர்கள் எல்லோரையும் அவர் பார்க்க வேண்டுமாம். கண் இமையை இழுத்துப் பார்த்தார். கையில் பட்டை கட்டிக் காற்றடித்துப் பார்த்தார். மறுபடி அடித்தார்.

"கடைசியா எப்ப சாப்ட்டீங்க?"

"காலைல."

"எந்தக் காலைல?"

எழுந்து நிற்கச் சொன்னார். எழுந்தேன். மறுபடி உட்காரச் சொல்லும் வேலையை அவருக்கு நான் வைக்கவில்லை. கண் விழித்தபோது பாட்டுக்காரர் என் காலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். பாடவில்லை.

ரத்தம் போதவில்லை. ஒரு வருடத்துக்கு உயரம் கூடாது என்று எழுதிவிட்டார். சூப்பர்வைசரிடம் போய்ச் சொன்னேன், எடை சரியாக இருக்கிறதே சார் என்று. "எடை பாஸ்தான்பா. நீதான் பாஸ் இல்ல" என்றார். உங்கள் உத்தரவு மாறாது, நீங்கள் பாட்டுக்காரரோடு ஏறுகிறீர்கள். எனக்குத் தரை வேலை. கம்பெனியில் இப்போது காலியாக இருக்கும் தரை வேலை ஒன்றே ஒன்றுதான். ஜூலை முதல் தேதி சேர வேண்டும்.

அறைச் சாவியை லாண்டரியில் கொடுத்துவிட்டு வாருங்கள்.

மாப்பிள்ளை


ஜூலை 7

மாப்பிள்ளை,

ஒரே மேசையில் உட்கார்ந்து ஒரே பேனாவால் இரண்டு உத்தரவும் எழுதியவருக்கு, நீ கிளம்பிப் போனால்தான் நான் வர முடியும், நான் கிளம்பி வந்தால்தான் நீ போக முடியும் என்பது தோன்றவில்லை. நான் வாசலுக்கு வந்தபோது உன் அக்கா தனியாக நின்றாள். "இப்பதான் போனான். காத்திருடான்னேன். லேட்டாப் போனா அங்க சேத்துக்க மாட்டாங்களாம்" என்றாள். யோசித்து வைத்திருந்த வாக்கியத்தை வாண்டிடம் சொன்னேன். "சரிப்பா" என்று முதலையை வாங்கிக்கொண்டு போய்விட்டது.

இப்போது உன் அக்கா தட்டு எடுக்கும்போது நாலை எடுத்து ஒன்றைத் திரும்ப வைக்கிறாள்.

பாட்டுக்காரர் அறுபத்தொன்று, நான் தொண்ணூற்றேழு. தொட்டில் சத்தம் போடாமல் இறங்குகிறது. நான் கீழ் பாதியை முடித்துவிட்டு வைப்பரை மேலே தூக்குகிறேன். நீ எப்போதும் என் கைக்கு ஒரு சாண் கீழே வரை இறங்கி வருவாய் என்பதும், நான் உன் கைக்கு ஒரு சாண் மேலே வரை ஏறுவேன் என்பதும் இப்போதுதான் தெரிகிறது. நடுவில் அந்த இடத்தை இரண்டு பேருமே துடைத்திருக்கிறோம். பாட்டுக்காரர் தன் பாதியில் மிகச் சரியாக நின்றுவிடுகிறார். எல்லாக் கண்ணாடியிலும் கோடு.

அறையில் குழாயை இடது பக்கம் இறுக்கித் திருப்பினால்தான் நிற்கும். ஜன்னலைத் திறந்தால் லாண்டரி ஆவி வரும், சாயங்காலம் திற. மதியம் கவுன்டரில் அந்தப் பெண்ணிடம் கரடிப் பெட்டி கேட்காதே. பெரியதைக் கேள். உன்னிடமிருந்து எதையும் எடுக்க வேண்டாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார் என்று சொல். வாரம் ஒரு தடவை தராசில் ஏறி எனக்கு எழுது. நான் ஏறினால் இங்கே மணி அடிக்கும். நீ ஏற வேண்டும்.

சோப்புத் தூள் தராசு வலது பக்கம் கொஞ்சம் சாயும். நடுவில் நில்.

மாமா


ஜூலை 16

மாமா,

சாவி கிடைத்தது. குழாய் நீங்கள் சொன்னபடி நிற்கிறது. மேசை டிராயரில் ஒரு நீல யானை இருந்தது, ஜன்னலில் வைத்திருக்கிறேன்.

கவுன்டர் பெண் என் சட்டையில் இருக்கும் கம்பெனி பேரைப் பார்த்துவிட்டு, "அந்த சாருக்கு நீங்க என்ன வேணும்?" என்று கேட்டாள்.

"மச்சினன்."

"அப்ப கரடிப் பெட்டியா?"

"இல்ல. பெரிசு."

"என்னென்ன எடுக்கணும்?"

"ஒண்ணும் எடுக்க வேணாம்."

வெளியே கொண்டுபோய்ப் பின்பக்கச் சுவர் அருகில் உட்கார்ந்தேன். புறாக்கள் வரிசையாக வந்து உட்கார்ந்தன. மேல் ரொட்டியையும் சேர்த்து முழுவதையும் சாப்பிட்டேன்.

எடை ஐம்பத்தாறு.

மாப்பிள்ளை